வகுப்பறையில் மைண்ட்ஃபுல்னஸ், சிந்தனைக் குறிப்பு: கடற்கரைப் பள்ளியில் எப்படித் தொடங்குவது?

மண்டபம் டீச்சர் (கேள்வி)

எட்டாம் வகுப்பு, 42 பிள்ளைகள். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கரையை ஒட்டிய பள்ளி. பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பாசி எடுக்கிற குடும்பம், பனைத்தொழில், தகப்பனார் வளைகுடா நாட்டில் இருக்கிற வீடு என்று கலந்து இருக்கிறார்கள். மூன்று மதத்துப் பிள்ளைகளும் உண்டு.

மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடில் ஐந்து நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் (அந்தந்த நேரத்தில் நடப்பதை மட்டும் கவனிக்கும் பயிற்சி), வாரம் ஒருநாள் தன்னைத் திரும்பிப் பார்த்து எழுதுவது என்று இரண்டுக்கும் தலைமையாசிரியர் சம்மதம் தந்திருக்கிறார். ஆனால் யூடியூபில் கிடைக்கும் குரல் பதிவுகள் பெரும்பாலும் "கண்களை மூடுங்கள், அமைதியான கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. போட்டால் பின் பெஞ்சில் சிரிப்பு, நடு பெஞ்சில் தூக்கம். எழுதச் சொன்னால் "இன்று மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று எல்லா நோட்டிலும் ஒரே வரி.

எதில் தொடங்குவது, எவ்வளவு நேரம், எழுதுவதற்கு என்ன கேட்பது? "இது எந்த மதத்துத் தியானம்?" என்று வீட்டிலிருந்து கேட்டால் என்ன சொல்வது? வகுப்பறைக்குத் தகரக் கூரை. ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்தால் மணல் உள்ளே வந்துவிடும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பாம்பன் கரை

டீச்சர், முதல் வேலையாக அந்தக் கடற்கரைப் பதிவை நிறுத்திவிடுங்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கிறவர்களுக்குக் கடல் என்றால் விடுமுறை. உங்கள் பிள்ளைகளுக்கு அது அப்பா வேலைக்குப் போகிற இடம், புயல் கூண்டு ஏற்றினால் வீடே விழித்திருக்கிற இடம். கடலில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளையும் அந்த 42 பேரில் இருக்கலாம். அலைச் சத்தத்தை ஓடவிட்டு "அமைதியாக உணருங்கள்" என்றால் சில பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். கற்பனைக் காட்சி எதுவும் தேவையில்லை. கண்முன் இருப்பதும் காதில் விழுவதும் போதும்.

கண்ணை மூடுவது கட்டாயமாக இருக்கக்கூடாது. "விருப்பம் இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் பெஞ்சின் விளிம்பைப் பாருங்கள்" என்று ஒவ்வொரு முறையும் இரண்டு வழியும் சொல்லுங்கள். மனதில் பாரம் உள்ள பிள்ளை கண்ணை மூடினால், அதுவரை தள்ளி வைத்திருந்த நினைப்பு முன்னால் வந்து நிற்கும். அதோடு, கண்ணை மூடிய உடனே மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் வரும். பின் பெஞ்சில் கேட்கிற சிரிப்பில் பாதி அந்தக் கூச்சம்தான்.

மதியம் தூங்குவது பிள்ளைகளின் தவறில்லை. கரைவலை இழுக்கவோ மீன் தரம் பிரிக்கவோ விடியலிலேயே எழுந்த பிள்ளைக்குச் சோறு சாப்பிட்ட பிறகு, தகரச் சூட்டில், "உடம்பைத் தளர்த்து" என்றால் வேறென்ன நடக்கும்? முடிந்தால் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்பில் உட்கார்ந்த உடனே மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம்தான் கிடைக்கும் என்றால் எல்லாவற்றையும் நின்றபடி செய்யுங்கள். ஐந்து நிமிடம் வேண்டாம். மூன்று நிமிடம், வாரத்தில் நான்கு நாள், அதே நேரம். எப்போதாவது ஒருநாள் இருபது நிமிடம் இழுப்பதைவிட இது நிற்கும்.

முதல் இரண்டு வாரம் சத்தம் மட்டும். பள்ளி மணியாகத் தண்டவாளத் துண்டு தொங்குகிறதா? மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். சத்தம் தேய்ந்து முழுதாக மறைகிற வரை கேட்டு, மறைந்ததும் ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் கையைத் தூக்க வேண்டும். மூன்று தடவை. கைகள் ஒரே நேரத்தில் எழாது. யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சொன்னால் அது போட்டியாகிவிடும். பூஜை மணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வீட்டில் வரும் கேள்விகளில் பாதி அதனால்தான் வரும்.

அது பழகியதும் சத்த வரைபடம். நோட்டின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நான். இரண்டு நிமிடம் காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று புள்ளியைச் சுற்றிக் குறிக்க வேண்டும். படகு இன்ஜின், ரயில், காக்கை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, தன் மூச்சு எல்லாம் வரும். தனித்தாளில் செய்யாதீர்கள், காற்று கொண்டுபோய்விடும். நோட்டிலேயே செய்யச் சொல்லுங்கள்.

காற்று பலமாக இருக்கும் நாளில் அதையே பாடமாக்கலாம். வராந்தாவில் நிற்க வைத்து, எந்தக் கன்னத்தில் படுகிறது, எந்தக் காதில் இரைகிறது என்று ஒரு நிமிடம் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு, கரையில் காற்றுக்குச் சொல்லும் பெயர்களை வைத்து, "இது கச்சானா, சோழகமா, கொண்டலா, வாடையா?" என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் டீச்சரைவிடப் பிள்ளைகளுக்குத் தெரியும். படிப்பில் பின்தங்கிய பையன்கூட நிமிர்ந்து பதில் சொல்வான்.

மூன்றாவது, நான்காவது வாரம் பாதமும் கையும். நின்றுகொண்டு எடை குதிகாலில் இருக்கிறதா, விரல்களில் இருக்கிறதா என்று கவனிப்பது. மெதுவாக முன்னும் பின்னும் சாய்ந்து நடுவுக்கு வருவது. அல்லது ஆளுக்கொரு வெறும் சிப்பி கொடுத்து இரண்டு நிமிடம் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி, ஆறு ஆறு பேராகச் சிப்பிகளைக் கலந்து கொட்டி, தன் சிப்பியைத் தேடி எடுக்கச் சொல்வது. கரையில் கிடக்கும் மட்டிச் சிப்பி போதும். பவளத் துண்டு, கடல்குதிரை எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள், அவை வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன.

மூச்சை ஐந்தாவது வாரம்தான் தொடுங்கள். இடக்கையை விரித்து, வலக்கைச் சுட்டுவிரலால் ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் ஏறும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. ஐந்து விரலுக்கு ஐந்து மூச்சு. இழுப்பது மூன்று எண்ணிக்கை, விடுவது நான்கு அல்லது ஐந்து. விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும், அமைதி தருவது அதுதான். "ஆழமாக இழு" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தோளைத் தூக்கி வேகவேகமாக இழுப்பார்கள், உடம்பில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எண்ணிக்கையே வேண்டாம், விரல் தடவுவது போதும்.

இந்தக் கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. மூச்சை அடக்குவதையும், வேகமாக இழுத்து விடுவதையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவே கூடாது. சங்கு குளிக்கிற, பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சடக்குவது பெருமையான விஷயம், சாயங்காலமே தண்ணீரில் போட்டி போட்டுப் பார்ப்பார்கள். முங்குவதற்கு முன்னால் வேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, கரியமில வாயுதான் குறையும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது அந்த வாயு. முட்டாததால் மேலே வரத் தோன்றாது, ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். பயிற்சி தொடங்கும் நாளில் இந்தக் காரணத்தையும் அறிவியல் பாடம் போல அவர்களுக்கு விளக்கிவிடுங்கள்.

கடைசியாக, கத்துகிற வகுப்பை அடக்க இதை எடுக்காதீர்கள். "சத்தம் போட்டீர்கள், இப்போது கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்று ஒருநாள் சொன்னாலும் பயிற்சி தண்டனையாக மாறிவிடும். வகுப்பு கலைந்து கிடந்தால் முதலில் இரண்டு நிமிடம் எழுந்து கைகால் உதற விடுங்கள். பயிற்சி நேரத்தில் நீங்களும் வருகைப் பதிவேட்டை மூடிவைத்து அவர்களோடு செய்ய வேண்டும்.

கீழக்கரை கணக்கு சார்

எழுத்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன் டீச்சர். 42 நோட்டிலும் ஒரே வரி வருவதற்குக் காரணம் கேள்வி. "இன்று எப்படி உணர்ந்தாய்?" என்று கேட்டால், டீச்சருக்குப் பிடித்த பதில் எது என்று யோசித்துப் பிள்ளை எழுதும். உணர்வைக் கேட்பதற்கு முன்னால் வேலையைக் கேளுங்கள்.

"இன்றைய கணக்கில் எந்த வரியில் நின்றுபோனாய்? நின்றதும் என்ன செய்தாய்: பக்கத்தில் பார்த்தாயா, விட்டுவிட்டாயா, மறுபடி படித்தாயா?" இதற்கு "மகிழ்ச்சி" என்று பதில் எழுத முடியாது. தமிழ்ப் பாடமானால் "எந்தச் சொல்லில் நின்றாய்?", அறிவியலானால் "எதை நம்ப முடியவில்லை?" ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, நான்கு நிமிடம், மூன்று வரி. பத்து வரி கேட்டால் ஒப்பேற்றுவார்கள்.

அதிகப் பலன் தருவது தேர்வுத்தாள் திருப்பித் தரும் நாள். தேர்வு எழுதி முடித்த கையோடு, தாளின் மூலையில் தனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று எழுத வைத்துவிடுங்கள். திருத்திய தாளைக் கொடுக்கும்போது கால் தாள் ஒன்றும் கொடுங்கள். அதில் நினைத்த மதிப்பெண், வந்த மதிப்பெண், போன மதிப்பெண் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று எழுத வேண்டும். நான்கு காரணம் போதும்: பாடம் புரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, தெரிந்தும் கைத்தவறு, நேரம் போதவில்லை. கடைசி வரி, அடுத்த தேர்வுக்கு முன் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம். "நன்றாகப் படிப்பேன்" என்பதை ஏற்காதீர்கள். "தினமும் ராத்திரி ஐந்து கணக்கு போடுவேன்" என்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தக் கால் தாளை வாங்கி வைத்து, அடுத்த தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். எழுதி வாங்கி பீரோவில் வைத்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம், அவ்வளவுதான்.

உணர்வுக்கு வரும்போது முதலில் சொற்களைச் சேருங்கள். கேட்டால் சந்தோஷம், கோபம், சோகம் என்று மூன்றோடு நிற்பார்கள். எரிச்சல், ஏக்கம், கூச்சம், படபடப்பு, வெசனம், பொறாமை, சலிப்பு, நிம்மதி, ஆசுவாசம் என்று பிள்ளைகள் வாயிலிருந்தே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் பேசுகிற சொல்லாகவே இருக்கட்டும். எழுதத் தடுமாறும் பிள்ளை அதில் ஒன்றைச் சுற்றிக் காட்டலாம், படம் வரையலாம். பிழை திருத்தவே கூடாது. சிவப்பு மையைக் கண்டதும் அடுத்த வாரம் பழைய ஒரே வரிக்குப் போய்விடுவார்கள்.

படிப்பதற்கு 42 நோட்டு ஒரே நாளில் முடியாது. தினம் எட்டு ஒன்பது என்று பிரித்துக்கொண்டால் வாரத்துக்குள் எல்லோருடையதும் முடியும். பதிலாக ஒரு வரி எழுதுங்கள், முடிந்தால் கேள்வியாக. "அப்புறம் அந்த மூன்றாவது வரியை எப்படித் தாண்டினாய்?" என்பது "நன்று" என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். பக்கத்தை மடித்துவைத்தால் டீச்சர் படிக்கமாட்டார் என்று ஒரு விதி வையுங்கள், அதை மீறாதீர்கள். உரக்க வாசிக்கச் சொல்வதும் வேண்டாம்.

நன்றிப் பட்டியல் எழுதச் சொல்வது இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. "அப்பாவுக்கு ஏன் நன்றி?" என்ற கேள்வி அப்பா இல்லாத பிள்ளையை, அப்பாவிடம் அடிவாங்கும் பிள்ளையை எங்கே நிறுத்தும்? "இந்த வாரம் யாராவது உனக்குச் செய்த சின்ன உதவி ஒன்று" என்று திறந்து விட்டால் போதும்.

தொண்டி உளவியல்

எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லவே இந்தப் பதிவு. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரை வைத்து மிரியட் என்ற பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2022-இல் வெளியாயின. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்திய மைண்ட்ஃபுல்னஸ் பாடங்கள், பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக, உணர்வுசார் கல்வியைவிட மனச்சோர்வைக் குறைக்கவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, பள்ளிச் சூழலும் ஓரளவு மேம்பட்டது.

ஆகவே "இதைச் செய்தால் மன அழுத்தம் போகும்" என்று பெற்றோர் கூட்டத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். அலைபாயும் கவனத்தைக் கவனித்துத் திரும்பக் கொண்டுவரும் பழக்கம், தன் தவறு எங்கே நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம், இவ்வளவுதான் இலக்கு. சோர்ந்துபோன பிள்ளைக்கு இது சிகிச்சை ஆகாது. அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து இன்னும் உள்ளுக்குள் பார்க்கச் சொல்வதும் சரியில்லை. பாம்பன் கரை சொன்னதுபோல வெளியே இருக்கும் சத்தம், காற்று, கால் பதிவது என்று தொடங்குவதுதான் பாதுகாப்பு.

அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் செய்த இடம் டெல்லி. 2018 ஜூலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம் எட்டாம் வகுப்பு வரை இருந்தது. அதிலும் கவனப் பயிற்சி சில நிமிடம்தான், மீதி நேரம் கதை, செயல்பாடு, உரையாடல். அந்த விகிதம் நல்ல விகிதம்.

மண்டபம் டீச்சர்

மூவருக்கும் நன்றி. மூச்சடக்கும் விஷயம் யோசிக்காத ஒன்று, கட்டாயம் சொல்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. படகு பிடிபட்டது என்ற செய்தி வரும் காலையில் வகுப்பே வேறு மாதிரி இருக்கும், அன்று பயிற்சி செய்யலாமா? நோட்டில் பெரிய விஷயம் ஏதாவது எழுதிவிட்டால் என்ன செய்வது? மதக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் மேரி

டீச்சர், ராமேசுவரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகிறது. அதனால் செவ்வாய், வியாழன் காலையில்தான் அந்தச் செய்தி வகுப்புக்குள் வரும். எழுதும் நாளை இந்த இரண்டு நாளிலும் வைக்காதீர்கள், வெள்ளி நல்லது. செய்தி வந்த நாளில் அமைதிப் பயிற்சி வேண்டாம். தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள்: "இன்று சில வீடுகளில் கவலை இருக்கிறது. பேச விரும்பினால் நான் இருக்கிறேன்." பிறகு கைக்கு வேலை கொடுங்கள், வரைபடம் வரைவது, நோட்டுக்கு அட்டை போடுவது என்று. சம்பந்தப்பட்ட பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி ஆறுதல் சொல்லாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வீட்டில் பணம் சுருங்குகிற அந்த மாதங்களில் "விடுமுறையில் என்ன வாங்கினாய், எங்கே போனாய்" என்ற கேள்வி எழுத்தில் வரக்கூடாது.

நோட்டில் பெரிய விஷயம் வரும் என்று எண்ணியே தொடங்குங்கள். முதல் நாளே விதியைச் சொல்லிவிட வேண்டும்: "நீ எழுதுவதை வகுப்பில் சொல்லமாட்டேன். ஆனால் யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ, உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லியே ஆகவேண்டும்." "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தரவேண்டும். தராமல் இருப்பது பிரிவு 21-இன்படி குற்றம். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் பொறுப்பு முடியாது.

அப்படி வந்தால் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். சாக வேண்டும் என்று எழுதிய பிள்ளையை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெற்றோரை அழைத்துப் பேசி, ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். அங்கே ஒரு தடங்கல் வரும். நம் மாவட்டத்தில் மனநலம் என்றதுமே பல வீடுகளில் ஏர்வாடியும், 2001 ஆகஸ்டில் அங்கே மனநலக் காப்பகத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் இறந்த தீ விபத்தும்தான் ஞாபகத்துக்கு வரும். கட்டிவைத்துவிடுவார்களோ என்ற பயம். "டாக்டரிடம் பேசிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கூட ஒரு ஆசிரியை போனால் இன்னும் நல்லது. வீட்டில் உள்ளவர்மீதே சந்தேகம் என்றால் மட்டும் பெற்றோரை முதலில் அழைக்காதீர்கள், 1098-இல் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மதக் கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள். இதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர், நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக வழிபாட்டு அம்சங்களை நீக்கி சில வாரப் பயிற்சியாக மாற்றினார். பள்ளிக்கு வந்தது அதன் வழியில்தான். உங்கள் வகுப்பில் ஓம், முத்திரை, பத்மாசனம், ஊதுபத்தி, விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. சந்தேகப்படும் பெற்றோரை ஒருநாள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாள மணியும் சிப்பியும்தான் இருக்கும். அதற்கும் சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று நிமிடம் அமைதியாக வாசிக்க ஒரு புத்தகம் கொடுத்துவிடுங்கள், வெளியே நிறுத்தவேண்டாம்.

கீழக்கரை கணக்கு சார்

மேரி டீச்சர் சொன்னதோடு ஒன்று. ரமலானில் நோன்பு வைக்கிற பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். ருசி கவனிக்கும் பயிற்சியாகப் பனங்கற்கண்டு வாயில் வைத்துக் கரைய விடுவது நல்ல பயிற்சிதான், ஆனால் அந்த மாதம் வேண்டாம். வாய் வழியாக மூச்சு விடும் எதுவும் தொண்டையை வறட்டும், அதையும் தள்ளிவையுங்கள். மதிய வெயிலில் நிற்கவைக்காமல், உட்கார்ந்தபடி சத்த வரைபடம் மட்டும் செய்யுங்கள். பனங்கற்கண்டை நோன்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு மிளகளவு ஒரு துண்டு, கடிக்காமல் முழுதாகக் கரைகிற வரை. யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.